பல வருடம் நின்ற ஆயில் இன்ஜினை மறுபடி ஓட வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். மோட்டார் கொட்டகையின் மூலையில் சாக்கு போர்த்தியபடி ஒரு ஆயில் இன்ஜின் நின்றுகொண்டிருக்கும். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. கரண்ட் கனெக்‌ஷன் கிடைத்த வீடுகளில் இன்ஜினுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் கனெக்‌ஷனுக்குக் காத்திருப்பவர்கள், வாய்க்காலிலிருந்தும் குளத்திலிருந்தும் தண்ணீர் இறைக்க வேண்டியவர்கள், புயலுக்குப் பிறகு கம்பம் நடும் வரை பயிரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் எல்லோருக்கும் இன்றும் அது உதவும். அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கனமான வார்ப்பிரும்பில் செய்த இந்த இன்ஜின்கள் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்று போன இன்ஜினுக்குப் பெரிய சேதம் நின்ற வருடங்களில் வருவதில்லை. அதை எழுப்புகிற நாளில்தான் வருகிறது. கொட்டகைக்குள் போனதும் டீசலை ஊற்றி, ஹாண்டிலை மாட்டி, நாலு பேர் சேர்ந்து சுற்றுகிறார்கள். காய்ந்த பேரிங் உரசுகிறது, ஒட்டிப்போன வால்வு புஷ் ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) வளைக்கிறது, துரு லைனரை (பிஸ்டன் ஓடும் உருளைச் சுவர்) கீறுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஹாண்டில் கடைசியில்தான் வரும்.

நான் மனதில் வைத்து எழுதுவது, நம் ஊரில் அதிகம் காணக்கூடிய 5 எச்.பி., 1500 ஆர்.பி.எம்., தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். கிர்லோஸ்கர் ஏவி1 இந்த வகை: 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், சுமார் 553 சி.சி. பெரிய ஃப்ளைவீலோடு 650 ஆர்.பி.எம்.-இல் நிதானமாக ஓடும் லிஸ்டர் டைப் இன்ஜினாக இருந்தாலும் முறை இதுவேதான். சில அளவுகள் மட்டும் மாறும், அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். நேர் கப்ளிங் என்றால் கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பைப் பிரித்துவிடுங்கள். பம்பு இறுகியிருக்கிறதா, இன்ஜின் இறுகியிருக்கிறதா என்று குழம்ப வேண்டியதில்லை.

அப்புறம் சைலன்சர், ஏர் ஃபில்டர் இரண்டையும் கழற்றுங்கள். சைலன்சரின் வாய் மேல் நோக்கித் திறந்தே இருந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், எக்ஸாஸ்ட் வால்வும் அதன் சீட்டும் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஏர் ஃபில்டருக்குள் குளவிக் கூடு, எலி கொண்டுவந்த வைக்கோல், பஞ்சு எது வேண்டுமானாலும் இருக்கும். பாம்பும் இருக்கலாம். கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிளாக்கிலும், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டிலும் விரிசல் தேடுங்கள். தண்ணீர் ஜாக்கெட்டைச் சுற்றி, குறிப்பாக அடிப்பக்கத்தில், கோடுபோல வெள்ளை உப்பு பூத்திருந்தால் அங்கே கசிவு இருந்திருக்கிறது. இன்ஜின் நம்பர் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து மாடலைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்பேர் கடையில் முதலில் கேட்பது அதைத்தான். ஃப்ளைவீல் சாவி (ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் இரும்பு ஆப்பு) தளர்ந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லிஸ்டர் டைப்பில் இது கட்டாயம். ஓடும்போது அந்தச் சாவி விட்டால் ஃப்ளைவீல் கொட்டகையை உடைத்துக்கொண்டு போகும்.

ஆயில் சொல்லும் செய்தி

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை ஒரு சட்டியில் பிடியுங்கள். அதை உடனே கொட்டிவிடாதீர்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், லைனரின் அடி ரப்பர் ரிங் கசிந்திருக்கலாம், மழைத் தண்ணீரே இறங்கியிருக்கலாம். ஆயில் இளகி, டீசல் வாசனை அடித்தால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) ஒழுகியிருக்கிறது அல்லது எஃப்.ஐ. பம்பிலிருந்து (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பம்பு) கசிவு. வெறும் கறுப்பு என்றால் கவலை இல்லை. கடைசியில் இரண்டு சொட்டு எடுத்து விரல்களுக்கு இடையே தேய்த்து வெயிலில் காட்டுங்கள். பித்தளை நிறத்திலோ வெள்ளியாகவோ பொடி மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

பக்கவாட்டுக் கதவு உள்ள கிராங்க் கேஸ் என்றால் அதைத் திறந்துவிடுங்கள். அடியில் தேங்கிய கறுப்புச் சேற்றை வழித்து எடுத்து, டீசலால் கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். ஆயில் பம்பின் சல்லடையில் அடைப்பு இருந்தால் புது ஆயில் ஊற்றியும் பயனில்லை, ஆகவே அதைத் தனியாகக் கழற்றிக் கழுவ வேண்டும். கனெக்டிங் ராட் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பூட்டுப் பின் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராடின் பெரிய முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது சரிதான். மேலும் கீழும் ‘டக் டக்’ என்று தட்டினால் பேரிங் மாற்றாமல் ஓட்டக்கூடாது.

எல்லாம் சரி என்றால் புது ஆயிலை டிப் ஸ்டிக் குறி வரை ஊற்றுங்கள். நம் வெப்பத்துக்கு 20டபிள்யூ-40 அல்லது எஸ்.ஏ.இ. 40 தாராளமாகப் போதும். குறிக்கு மேல் ஊற்றாதீர்கள். மிகுதியான ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரிய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கையால் சுற்றுவது, இறுகியிருந்தால் விடுவிப்பது

டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து பிடித்துக் காற்று அழுத்தத்தை விடுவிக்கும் கைப்பிடி) தூக்கிவிட்டு, ஹாண்டில் இல்லாமல், ஃப்ளைவீலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். வேட்டி, துண்டு எதுவும் தொங்கக்கூடாது.

சுற்றினால் உங்களுக்கு நல்ல நேரம், அடுத்த பகுதிக்குப் போகலாம். அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள் லைனரோடு துருவால் ஒட்டியிருக்கும். ஹெட்டில் உள்ள நாசிலைக் கழற்றுங்கள். இரண்டு நட்டுகளைத் தளர்த்தியும் கரியில் சிக்கி வர மறுக்கும். சுற்றிலும் டீசல் விட்டு ஒரு இரவு விடுங்கள், மறுநாள் இடமும் வலமுமாக ஆட்டி எடுங்கள். ஸ்குரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பினால் நாசில் முனை போய்விடும். அடியில் உள்ள செம்பு வாஷரையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். சில நேரம் அது ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும்.

அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்து அரை டம்ளர் ஊற்றுங்கள். பொறுமை வேண்டும். தினமும் ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றி, ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும், அங்கிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி இடத்தைப் பெரிதாக்கலாம். ஒரே பக்கமாக முரட்டுத்தனமாகத் தள்ளினால் ரிங் உடையும். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் இரும்புச் சுத்தியலைப் பிஸ்டன் மேல் வைக்காதீர்கள். சிலிண்டர் வாய்க்குள் இறங்கும் வேப்பங்கட்டை ஒன்றை வைத்து அதன்மேல் தட்டுங்கள்.

ஹெட்டைத் திறந்துவிட்டால் லைனரைக் கையால் தடவிப் பாருங்கள். பரவலான மெல்லிய துரு என்றால் நைஸ் எமரி தாளில் ஆயில் தொட்டுச் சுற்றுவாக்கில் தேய்த்தால் போய்விடும். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதுதான் சரி. இந்த வகை இன்ஜின்களுக்கு ராஜ்கோட்டில் தயாராகும் ஸ்பேர்கள் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. மலிவான செட்டை விட, கடைக்காரர் பெயர் சொல்லி உத்தரவாதம் தரும் செட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

வால்வும் டேப்பெட்டும்

ஹெட்டின் மேல் மூடியைக் கழற்றி, ராக்கர்களிலும் (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) வால்வுத் தண்டுகளிலும் ஆயில் விட்டு, ஃப்ளைவீலைச் சுற்றிக்கொண்டே இரண்டு வால்வும் முழுதாக இறங்கி முழுதாக எழுகின்றனவா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வுதான் பெரும்பாலும் இறங்கியபடி மாட்டிக்கொள்ளும். ஒட்டிய வால்வை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, மண்ணெண்ணெய் விட்டு, கைடில் உள்ள கரி கரையும் வரை வேலை செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு ஓட்டினால் பிஸ்டன் மோதும்.

டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடும் சந்து) வைக்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் முடிந்து பிஸ்டன் மேல் உச்சியில் நிற்கும்படி வையுங்கள். அந்த நிலையில் இரண்டு புஷ் ராடுகளையும் விரலால் சுலபமாக உருட்ட முடியும். இந்த வேக இன்ஜின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மி.மீ.-க்குள் வரும், எக்ஸாஸ்டுக்குக் கொஞ்சம் அதிகம். உங்கள் மாடலுக்கான புத்தகத்தில் இருப்பதை வையுங்கள். லிஸ்டர் டைப்புக்கு இடைவெளி இதைவிடப் பெரியது, இந்த அளவை அதற்கு வைக்காதீர்கள்.

கம்ப்ரஷனைக் காதால் சோதிப்பது

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போன காற்றைப் பிஸ்டன் பதினேழில் ஒரு பங்கு வரை நெரிக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றுகிறது. காற்று கசிந்தால் சூடு வராது, எவ்வளவு நல்ல நாசில் போட்டாலும் ஸ்டார்ட் ஆகாது.

நாசிலைப் புதுச் செம்பு வாஷரோடு மாட்டி, லீவரை இறக்கி, ஃப்ளைவீலைக் கையால் கம்ப்ரஷன் வரை தள்ளுங்கள். நல்ல இன்ஜின் எதிர்த்துத் தள்ளி ஃப்ளைவீலைத் திருப்பி அனுப்பும். சோம்பலாக வழுக்கிப் போனால் ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஏர் ஃபில்டர் வாயில் ‘உஸ்’ என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் வழியில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் என்றால் ரிங். தண்ணீர் வெளிவரும் குழாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். ரிங்தானா என்று சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு மறுபடி தள்ளுங்கள். எதிர்ப்பு சட்டென்று கூடினால் ரிங்தான். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை தெரியாமல் எத்தனையோ பேர் இன்ஜினை முழுதாகப் பிரித்திருக்கிறார்கள்.

வால்வு கசிவுக்கு ஹெட்டைக் கழற்றி, கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, சீட்டைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் வரும் வரை தேய்க்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். சீட்டே குழியாகியிருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

டீசல் வழி

பழைய டீசலை ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காதீர்கள். டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் பிசினும் இருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். ரப்பர் குழாயை விரலால் மடக்கினால் வெடிப்பு தெரியும்.

அடுத்தது எஃப்.ஐ. பம்பு. இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் உயிர் போகிற விஷயம்: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோடு இணைந்த ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) தடையில்லாமல் போய் வருகிறதா? பழைய டீசலின் பிசினால் ரேக் முழு டெலிவரி நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும், கவர்னரால் அடக்க முடியாது. ஸ்டாப் லீவரைத் தள்ளினால் ரேக் முழுதாக மூட வேண்டும். விட்டால் எளிதாகத் திரும்ப வேண்டும். இதை உறுதி செய்யாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ரேக் சிக்கினால் பம்பை எஃப்.ஐ.பி. சர்வீஸ் கடைக்குக் கொடுங்கள். வீட்டில் பிளஞ்சரை (பம்புக்குள் டீசலை அழுத்தும் சிறு தண்டு) பிரிக்க வேண்டாம். பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் ஜோடியாகத் தேய்த்துச் செய்தவை. இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு மணல் துகள் போதும் கெடுக்க. பம்பைக் கழற்றும்போது அதன் அடியில் உள்ள மெல்லிய தகடுகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் திருப்பி மாட்டுங்கள். டைமிங் அவற்றில்தான் இருக்கிறது.

நாசிலையும் அதே கடையில் டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சதுர செ.மீ.-க்கு 200 கிலோ அழுத்தம் வாக்கில் திறந்து, புகைபோல மெல்லிய தூவலாக வந்து, சட்டென்று நிற்க வேண்டும். முனையில் சொட்டு தொங்கக்கூடாது. தூவும் நாசிலின் முன் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் வெளியே ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி ஏர் லாக் எடுப்பது, அதாவது டீசல் குழாய்களில் அடைத்த காற்றை வெளியேற்றுவது. டேங்கை நிரப்பிக் குழாயைத் திறந்து, முதலில் ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் கம்பியாக வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்பின் ஏர் ஸ்குரூ. கடைசியாக, நாசில் பக்கம் உள்ள ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி ஃப்ளைவீலைச் சுற்றி, அங்கேயும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். இன்னும் சில சுற்று சுற்றினால் நாசிலிலிருந்து ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வராதவரை ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவது வீண் உழைப்பு.

தண்ணீர்

தண்ணீர் ஜாக்கெட்டின் அடித் திருகைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, வண்டல் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் கிளறி, மேல் வழியாகத் தண்ணீர் பாய்ச்சி, தெளிவாக வரும் வரை கழுவுங்கள். உப்புத் தண்ணீர்க் கிணறுகளில் உள்ளே படிவு கெட்டியாக இருக்கும், அதற்கு ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். பம்பு இணைக்காத முதல் ஓட்டத்துக்கு, உயரத்தில் ஒரு டிரம் வைத்துக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுங்கள். இன்ஜின் சூடான பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

ஸ்டார்ட்

கதவு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். புகையை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாமல் மூடிய கொட்டகையில் ஓட்டக்கூடாது. சிறுவர்களை வெளியே அனுப்புங்கள். ஏர் இன்லெட் வாயை மூட ஒரு பலகையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடினால், ரேக் காரணமாக இருந்தாலும் சம்பின் மிகுதி ஆயில் ஏறி எரிவதாக இருந்தாலும், டீசலை மூடிக் காத்திருக்க நேரமில்லை. பலகையால் காற்றை அடைத்தால் நின்றுவிடும். கையாலோ துணியாலோ அடைக்காதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ராக்கர்களில் ஆயில் விடுங்கள். லீவரைத் தூக்கி, இருபது முப்பது சுற்று நிதானமாகச் சுற்றி ஆயிலை மேலே ஏற்றுங்கள். ஆயில் கேஜ் இருந்தால் முள் அசைய வேண்டும். ஹாண்டிலின் பல் தேய்ந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள், ஸ்டார்ட் ஆனதும் அது தானாகக் கழன்று வர வேண்டும். பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் உள்ள பக்கமே வையுங்கள். இன்ஜின் பின்னால் உதைத்தால் கட்டைவிரல்தான் முதலில் உடையும்.

சுற்றி வேகம் பிடித்ததும் லீவரை இறக்குங்கள், ஆனால் சுற்றுவதை நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் இன்லெட்டில் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி முயலுங்கள், ரிங் ஓரம் அடைபட்டுக் கம்ப்ரஷன் கூடும். பெட்ரோல் ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். நேரம் தப்பி வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும், தீயும் பிடிக்கும்.

முதல் ஓட்டம் இரண்டு நிமிடம் போதும். ஸ்டாப் லீவரால் நிறுத்துங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி நிறுத்துவது வால்வுக்குக் கேடு. நின்ற பிறகு பேரிங் இருக்கும் இடங்களைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் எதுவும் சுடக்கூடாது. ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்தது பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

இப்போது புகையைப் பாருங்கள். ஆரம்பத்தில் வெள்ளைப் புகை வந்து, சூடானதும் மறைந்தால் சரி. மறையாமல் கண்ணை எரித்தால் டீசல் எரியாமல் போகிறது, நாசிலையோ கம்ப்ரஷனையோ கவனியுங்கள். கண் எரியாமல் ஆவியாக வந்து தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஊற வைக்க ஊற்றிய ஆயில் தீரும் வரை அரை மணி பொறுத்துப் பார்த்து அப்புறம் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, நாசில் ஒழுகுகிறது, அல்லது லோடு அதிகம். வேகம் போதவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்காதீர்கள், 1500-க்கு மேல் ஓட்ட இந்த இன்ஜின் செய்யப்படவில்லை.

சுமை இல்லாமல் அரை மணி ஒழுங்காக ஓடினால் பம்பை இணைக்கலாம். ஹெட் கழற்றியிருந்தால், ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்குவாக்கில் மறுபடி இறுக்குங்கள். சில மணி நேரம் ஓடியதும் அந்த ஆயிலைக் கொட்டிப் புது ஆயில் மாற்றுங்கள். பழைய துருவும் சேறும் அதில்தான் கழுவி வந்திருக்கும்.

வேலை முடிந்து மறுபடி நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால், ஆயில் மாற்றி, ஜாக்கெட் தண்ணீரை முழுதாக வடித்து, ஃப்ளைவீலைத் திருப்பிக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். மாதம் ஒருமுறை லீவரைத் தூக்கிப் பத்துச் சுற்று சுற்றி, மறுபடி கம்ப்ரஷன் உச்சிக்கே கொண்டுவந்து விடுங்கள்.